மறைந்த மாடல்களுக்கு மறுபிறவி

உற்பத்தி நின்றுபோன குட்டி கார்களை ரெசினில் வார்ப்பவர்களுக்கு ஈரக்காற்றும் எதிரி, பேராசையும் எதிரி.

திருவனந்தபுரத்தில் ஜூன் மாதம் ரெசின் வார்க்க உட்காருபவருக்கு மழைதான் முதல் எதிரி. இரண்டு டப்பாக்களில் வரும் பாலியூரித்தேன் திரவங்களைக் கலந்து அச்சில் ஊற்றினால், சில நிமிடங்களில் இறுகிக் கெட்டியான பிளாஸ்டிக்காக வேண்டும். ஆனால் அவற்றில் ஒன்றான ஐசோசயனேட்டுக்கு ஈரம் ஆகாது. காற்றின் ஈரத்தோடு சேர்ந்து கரியமில வாயுவைக் கக்கும். வழுவழுவென்று வரவேண்டிய குட்டி கார், ஆப்பம் போல ஓட்டை ஓட்டையாக வந்து நிற்கும்.

இந்த ஊருக்குப் பருவமழை இரண்டு. எனவே டப்பாவைத் திறந்த கையோடு மூடுவது, சிலிக்கா ஜெல்லோடு பத்திரப்படுத்துவது, ஜனவரி, பிப்ரவரியில் வேலையை வைத்துக்கொள்வது எல்லாம் கட்டாயம்.

இவ்வளவு பாடு எதற்கு? காரணம் அமெரிக்காவில் தொடங்குகிறது. 1950களின் இறுதியிலிருந்து ஏஎம்டி போன்ற நிறுவனங்கள், அந்தந்த ஆண்டு வெளிவந்த கார்களை 25ல் ஒரு பங்கு அளவில் பிளாஸ்டிக் கிட்டுகளாக விற்றன. பாகங்களை ஒட்டி, வண்ணம் பூசி, காரை உருவாக்கிக்கொள்ள வேண்டியது வாங்குபவரின் வேலை. எஃகு அச்சு செய்வதற்குச் செலவு அதிகம். அதனால் அடுத்த ஆண்டு புதிய கார் வந்ததும், பழைய அச்சையே செதுக்கி மாற்றிவிடுவார்கள். முன் கிரில் மாறும், பின் விளக்கு மாறும். பழைய அச்சு அத்தோடு போயிற்று. அந்த ஆண்டின் கிட்டை மறுபடி தயாரிக்க அந்த நிறுவனத்தாலேயே முடியாது.

மிஞ்சியவை, அன்று விற்றவை மட்டுமே. அவற்றிலும் பல, பம்பர் உடைந்தும் பசை வழிந்தும் கிடப்பவை. இங்கேதான் ரெசின் நுழைகிறது. முழு காரை நகலெடுக்கலாம். தொலைந்த ஒற்றை பானெட்டை மட்டும் வார்த்து, பழைய கிட்டைக் காப்பாற்றவும் செய்யலாம்.

செய்முறை கேட்கச் சுலபம். அசல் பாகத்தைக் களிமண்ணில் பாதி புதைத்து, மேலே திரவ சிலிக்கோன் ரப்பரை ஊற்ற வேண்டும். அது இறுகியதும் திருப்பி, களிமண்ணை நீக்கி, ஒட்டாமலிருக்க ஒரு பூச்சு கொடுத்து, மறுபாதியை ஊற்ற வேண்டும். அச்சு தயார். கதவின் இடுக்கு, நம்பர் பிளேட் திருகு வரை சிலிக்கோன் அப்படியே பிடித்துக்கொள்ளும். அந்த அச்சில் சில டஜன் நகல்கள் எடுக்கலாம். பிறகு கிழிய ஆரம்பிக்கும்.

சங்கடங்கள் போகப் போகத் தெரியும். பிளாட்டினம் வகை சிலிக்கோனுக்குக் கந்தகம் ஆகாது. கந்தகம் கலந்த களிமண்ணோ, ரப்பர் பால் கையுறையோ பட்ட இடத்தில் அது இறுகாமல் பிசுபிசுத்துவிடும். ரப்பர் விளையும் கேரளத்தில் ரப்பர் கையுறையே வில்லனாவது ஒரு வேடிக்கை. ரெசின் இறுகும்போது சற்றே சுருங்கவும் செய்யும். அசலிலிருந்து எடுத்த நகல் மயிரிழை சிறுத்திருக்கும். நகலிலிருந்து எடுத்த நகல் இன்னும் சிறுத்து, விளிம்புகள் மழுங்கிப்போகும். இறுகாத ரெசினின் ஆவி ஆஸ்துமாவைக் கொண்டுவரும். தேய்க்கும்போது பறக்கும் தூளும் நுரையீரலுக்கு நல்லதல்ல. முகமூடியும் காற்றோட்டமும் அவசியம்.

குமிழிப் பிரச்சினை இந்த ஊருக்குப் புதிதல்ல. நகரத்தை ஒட்டிய தும்பாவில் ராக்கெட்டின் திட எரிபொருளும் இதே பாலியூரித்தேன் குடும்பத்துப் பிசினில்தான் வார்க்கப்படுகிறது. குமிழி தங்கினால் ஆபத்து என்பதால் வெற்றிடத்தில் வைத்து வார்க்கிறார்கள். குட்டி கார் வார்ப்பவரும் சிறிய வெற்றிட பம்பை வைத்து அதையேதான் செய்கிறார்.

அச்சு கைமாறுவது இந்தியாவுக்கும் பழகிய கதை. பிரிட்டனின் பிரபல டிங்கி பொம்மை கார்களுக்குப் பயன்பட்ட பழைய அச்சுகள் 1960களின் இறுதியில் கல்கத்தாவுக்கு வந்தன. டிங்கி என்ற பெயர் அழிக்கப்பட்டு, ‘நிக்கி டாய்ஸ்’ என்று விற்பனையாயின. லிவர்பூலில் இருந்த டிங்கி தொழிற்சாலை 1979ல் மூடப்பட்டது. அன்று மட்டமான இந்தியத் தயாரிப்பாகப் பார்க்கப்பட்ட நிக்கியை இன்று சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள்.

அங்கே அச்சு விலைக்கு வந்தது. ரெசின்காரர் யாரையும் கேட்பதில்லை. இது திருட்டா?

சட்டம் ஓரளவு தாராளமாகவே இருக்கிறது. பதிவு செய்யத்தக்க ஒரு வடிவத்தைப் பதிவு செய்யாமல், தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் தயாரித்துவிட்டால், அதன் மீதான பதிப்புரிமை போய்விடும் என்கிறது 1957ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 15வது பிரிவு. பதிவு செய்திருந்தாலும் 2000ம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி 10 ஆண்டு, நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுதான் பாதுகாப்பு. ஆனால் எது கலைப்படைப்பு, எது தொழில் வடிவம் என்பதில் வழக்குகள் ஓயவில்லை. 2025 ஏப்ரலில் எரிவாயு டிரெய்லர் வரைபடங்கள் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கான சோதனைகளை வகுத்தது. பெட்டியின் ஓவியமும் கம்பெனி முத்திரையும் தனிச் சொத்து. அவற்றில் கை வைத்தால் வம்புதான்.

சட்டத்தைவிடக் கறாரானது பொழுதுபோக்காளர்களின் மனசாட்சி. 60 ஆண்டுக்கு முன் நின்றுபோன கிட்டின் பானெட்டை வார்ப்பதை யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் ரெசின் கிட் விற்பவர்களில் பலர் வீட்டு அறையில் தனியாக உழைப்பவர்கள். ஒரு மூல மாடலைச் செதுக்க மாதக்கணக்கில் ஆகும். அதில் ஒன்றை வாங்கி, ஒரே வாரத்தில் அச்செடுத்துப் பாதி விலைக்கு விற்பவர் அந்த மனிதரின் பிழைப்பிலேயே மண்ணைப் போடுகிறார். சற்றே சிறுத்த உருவமும் மழுங்கிய விளிம்பும் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்திய ரசிகரின் நிலைமை இன்னும் இறுக்கம். பொம்மைகள் மீதான இறக்குமதி வரி 2020ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023ல் 70 ஆகவும் உயர்ந்தது. சிற்றளவு மாடல்களும் அதே சுங்கத் தலைப்பில்தான் வருகின்றன. நகலெடுக்கும் ஆசை வளர இது போதாதா?

ஆனால் ரெசினின் நல்ல பயன் வேறிடத்தில் இருக்கிறது. 1938 பிப்ரவரி 20ல் திருவிதாங்கூர் மகாராஜா ஸ்ரீ சித்திரைத் திருநாள் திருவனந்தபுரத்தில் அரசு பஸ் சேவையைத் தொடங்கி வைத்தார். லண்டனிலிருந்து வந்த இ.ஜி. சால்ட்டர் பொறுப்பேற்றார். இங்கிலாந்திலிருந்து 60 காமர் சேஸிஸ்கள் வந்தன. பாடி இங்கேயே கட்டப்பட்டது. அன்று திருவிதாங்கூரில் இருந்த நாகர்கோவில்காரர்களுக்கும் அது சொந்த வண்டிதான். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பம்பாயின் பிரீமியர் பத்மினி, 2014ல் உத்தர்பாராவில் விடைபெற்ற அம்பாசடர் என்று நம் சாலைகளில் ஓடி மறைந்தவை பல. வெளிநாட்டு கிட் கம்பெனிகள் இவற்றைப் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை.

கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸை ஃபோம் ஷீட்டில் தத்ரூபமாகச் செய்யும் கைகள் கேரளத்தில் பல உண்டு. புகைப்படம் பார்த்து மூல மாடலைச் செய்ய அந்தக் கைகள் போதும். இப்போது முப்பரிமாண அச்சு இயந்திரமும் துணைக்கு வந்துவிட்டது. ஒன்று செய்துவிட்டால் சிலிக்கோன் அச்சு அதை முப்பதாக்கும். அது யாருடைய நகலும் அல்ல. பிப்ரவரி வெயிலில் வார்த்தால் குமிழியும் வராது.