குதிரையை விட்டு எப்போது இறங்குவது? குளச்சல் போரை டேபிளில் விளையாடிப் பார்க்கலாம்

ராத்திரி நேரம். குளச்சல் கடலில் டச்சுக் கப்பல்களின் விளக்குகள் தெரிகின்றன. கையில் ஓலை இருக்கிறது. விடிவதற்குள் பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சேதி போயாக வேண்டும். தென்னந்தோப்பில் கட்டியிருக்கும் குதிரை, கரையில் கேட்கும் சத்தத்தில் மிரளுகிறது.

"இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்கிறார் கேம் மாஸ்டர்.

"குதிரையில ஏறுறேன்."

"சரி. ஆனா குதிரை பயந்து போயிருக்கு. பகடையை உருட்டுங்க."

இதுதான் டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் அந்தப் பசங்க மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவார்களே, அதேதான். கேம் மாஸ்டர் சூழலைச் சொல்வார், மற்றவர்கள் தங்கள் கதாபாத்திரம் என்ன செய்யும் என்று சொல்வார்கள். ஜெயிக்குமா, சறுக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். இந்த வகையின் முன்னோடியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-ல் வெளியானது. அதன் அடிப்படை விதிகள் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகத் திறந்துவிடப்பட்டன. பகடை கைவசம் இல்லையென்றால் போனிலேயே உருட்டிக்கொள்ளலாம்.

இந்த ஆட்டத்தில் புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம், கதாபாத்திரங்களைக் குதிரையிலும் யானையிலும் ஏற்றுவது. முதல் பத்து நிமிடம் அமர்க்களமாக இருக்கும். அப்புறம் குதிரை வெறும் பைக் ஆகிவிடும். ஏறினோம், போனோம், இறங்கினோம், அவ்வளவுதான். இதைத் தவிர்ப்பது எப்படி?

ஏன் குளச்சல்?

1741-ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை குளச்சல் கரையில் இறங்கி, சுற்றுவட்டார ஊர்களைத் தாக்கியது. குறி, திருவிதாங்கூரின் அன்றைய தலைநகரான பத்மநாபபுரம். மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை அவர்களைக் கடற்கரைக்கே விரட்டி முற்றுகையிட்டது. பருவமழைக் காலம் என்பதால் கடல் வழியாக டச்சுக்காரர்களுக்கு உதவி வருவது கஷ்டமானது. உள்ளே இருந்த வெடிமருந்தில் தீப்பிடித்து, உணவுக் கையிருப்பும் அழிந்தது. ஆகஸ்டில் சரணடைந்தார்கள்.

சிறைபிடிக்கப்பட்டவர்களில் ஒருவரான டிலனாய், பின்னாளில் திருவிதாங்கூர் படைக்கே தளபதியானார். 1777-ல் இறந்த அவருடைய கல்லறை, தக்கலை அருகே புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. குளச்சலில் வெற்றித் தூண் நிற்கிறது.

சாகசக் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? கடற்கரை, தோப்பு, வயல், கோட்டை, அரண்மனை எல்லாமே பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள். ஒரு சுவாரஸ்யமான கணக்கும் பொருந்துகிறது. விதிப்படி, குதிரை சுமார் ஒரு மணி நேரம் நாலுகால் பாய்ச்சலில் ஓடினால் 8 மைல், அதாவது ஏறக்குறைய 13 கிலோமீட்டர் போகும். குளச்சலில் இருந்து பத்மநாபபுரம் கிட்டத்தட்ட அதே தூரம்தான். ஒரே ஓட்டத்தில் போய்விடலாம், வழியில் யாரும் மறிக்காமல் இருந்தால்!

விதிகள் என்ன சொல்கின்றன?

2014 பதிப்பை வைத்துப் பார்ப்போம். 2024-ல் வந்த திருத்திய பதிப்பில் சில விவரங்கள் மாறியிருக்கலாம்.

* ஏறவும் இறங்கவும் அந்த முறைக்கான நகர்வில் பாதி செலவாகும்.
* சுமக்கும் விலங்கு, ஏறுபவரைவிட ஒரு அளவாவது பெரியதாக இருக்க வேண்டும்.
* பழக்கிய குதிரையை ஓட்டுபவரே கட்டுப்படுத்தலாம். அப்போது அது மூன்றே காரியம் செய்யும்: விரைந்து ஓடும், எதிரியிடமிருந்து நழுவும், அடியைத் தவிர்க்கும். கடிக்காது, உதைக்காது.
* கட்டுப்படுத்தாமல் விட்டால் அது தன் இஷ்டப்படி நடக்கும். சண்டையும் போடலாம், தெறித்து ஓடவும் செய்யலாம்.
* ஏதாவது ஒன்று குதிரையை அதன் விருப்பத்துக்கு மாறாக நகர்த்தினால், மேலே இருப்பவர் பகடை உருட்ட வேண்டும். திறன் புள்ளியையும் சேர்த்து 10-க்குக் கீழே போனால் மண்ணைக் கவ்வ வேண்டியதுதான்.

மனிதர் ஒரு முறையில் 30 அடி நகர்வார், போர்க்குதிரை 60 அடி. ஆனால், அதன் உயிர்ப்புள்ளி வெறும் 19. தேர்ந்த வீரர் ஒருவரின் துப்பாக்கிக் குண்டு சராசரியாக 9 முதல் 10 புள்ளி சேதம் செய்யும். இரண்டு குண்டு சரியாகப் பட்டால் குதிரை காலி. மந்திரவாதியின் தீப்பந்து சராசரியாக 28 புள்ளி. ஒன்றே போதும்.

விலையையும் பாருங்கள். போர்க்குதிரை 400 பொற்காசு. அதே விதிப்புத்தகத்தில் சாதாரணக் கூலியாளுக்கு ஒரு நாள் சம்பளம் 2 வெள்ளிக்காசு. அப்படியென்றால் ஒரு போர்க்குதிரை, 2,000 நாள் கூலி. ஐந்தரை வருஷ உழைப்பு! இந்தக் கணக்கை ஆட்டத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால், யாரும் குதிரையைப் பைக் மாதிரி நிறுத்திவிட்டுப் போக மாட்டார்கள்.

நம் ஊர் வரலாறும் இதையே சொல்கிறது. 13-ம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பார்த்த மார்கோ போலோ, கடல் கடந்து ஆயிரக்கணக்கில் குதிரைகள் இறக்குமதியானதையும், சரியான பராமரிப்பு இல்லாமல் அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போனதையும் எழுதியிருக்கிறார். தெற்கில் குதிரை என்பது கஷ்டப்பட்டுக் காப்பாற்ற வேண்டிய சொத்து. கொள்ளு எங்கே, தண்ணீர் எங்கே, லாடம் தேய்ந்ததா என்று கேம் மாஸ்டர் அவ்வப்போது கேட்க வேண்டும்.

எங்கே ஓட்டலாம், எங்கே இறங்கணும்?

வாகனச் சாகசம் ருசிப்பதும் சப்பென்று போவதும் நிலத்தைப் பொறுத்தது. எல்லா இடமும் சமவெளி என்றால் குதிரையில் இருப்பவர்தான் எப்போதும் ஜெயிப்பார். குளச்சல் அப்படி விடாது.

உலர்ந்த கடல் மணலில் கால் புதையும். அதைக் 'கடினத் தரை' என்று அறிவித்தால் 60 அடி வேகம் 30 ஆகிவிடும். நெருக்கமான தென்னந்தோப்பில் நீண்ட ஈட்டியைச் சுழற்ற முடியாது. மழை பெய்த வயலில் சேறு. வரப்பில் ஒரு குதிரைதான் போகும். ஆனால், கோட்டைக்குப் போகும் அகலமான பாதை கிடைத்துவிட்டால் குதிரைக்காரர் ராஜா.

ஆக, ஒவ்வொரு காட்சியிலும் ஓட்டுவதற்கு ஒரு காரணமும் இறங்குவதற்கு ஒரு காரணமும் வையுங்கள். இரண்டும் இருந்தால்தான் ஆடுபவர் யோசிப்பார்.

யானையும் யாளியும்

யானைக்கு உயிர்ப்புள்ளி 76, வேகம் 40 அடி. கட்டம் போட்ட பலகையில் மூன்றுக்கு மூன்று, ஒன்பது கட்டத்தை அடைத்துக்கொள்ளும். இங்கே இரண்டு பேருக்கு வேலை கொடுக்கலாம். ஒருவர் பாகன், இன்னொருவர் அம்பாரியில் வில்லோடு. இருவரும் பேசி வைத்துக்கொள்ளாவிட்டால் யானை ஒரு பக்கம், அம்பு ஒரு பக்கம். டேபிளில் சிரிப்புக்குப் பஞ்சமிருக்காது.

ஃபேண்டஸி வேண்டுமா? கிரிஃபினைத் தேடி ஐரோப்பா போக வேண்டாம். நம் கோயில் தூண்களில் யாளி நிற்கிறது. ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்தில் முன்னங்கால் தூக்கிப் பாயும் குதிரைகளும் வீரர்களும் இருக்கிறார்கள். அந்தத் தூணிலிருந்து ஒரு யாளி இறங்கி வந்தால்?

ஒரே நிபந்தனை: யாளிக்குச் சொந்த புத்தி உண்டு. விதிப்படியும் அறிவுள்ள விலங்கைக் கடிவாளம் போட்டு அடக்க முடியாது, அது தன் முடிவைத் தானே எடுக்கும். அதனால் அதை இன்னொரு கதாபாத்திரமாகவே நடத்துங்கள். அதற்கு ஒரு ஆசை, ஒரு பயம், ஒரு பிடிவாதம். "தீ இருக்கிற பக்கம் நான் வர மாட்டேன்" என்று யாளி சொன்னால், கெஞ்சுவதா, இறங்கி நடப்பதா?

குதிரை செத்தால்?

ஆரம்பிக்கும் முன்பே பேச வேண்டிய விஷயம் இது. எதிரி செத்தால் கைதட்டுபவர்கள், மூன்று வாரம் கூடவே வந்த குதிரை செத்தால் நிஜமாகவே கலங்கிவிடுவார்கள். "விலங்குகள் சாகலாமா, காயத்தோடு நிறுத்திக்கலாமா?" என்று முதல் நாளே கேட்டு எல்லோரும் ஒத்துக்கொள்வது நல்லது. பொதுவாகச் சாதாரண விலங்கின் புள்ளி பூஜ்யம் ஆனால் மரணம். ஆனால் முக்கியமான துணைப் பாத்திரங்கள் மயங்கி விழுந்து, உயிருக்குப் பகடை உருட்டலாம் என்று கேம் மாஸ்டர் அனுமதிக்க விதியிலேயே இடமுண்டு. பெயர் வைத்த குதிரைக்கு அந்தச் சலுகையைக் கொடுக்கலாம்.

ஒரு சாயங்காலத்துக்கான திட்டம்

முதல் காட்சி, கரை. டச்சு வீரர்களின் கண்ணில் படாமல் குதிரைகளை மணலைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். மீனவர்கள் துடுப்புகளைத் தோளில் சாய்த்து நின்று, தூரத்திலிருந்து பார்த்த எதிரிக்குப் பெரும்படை போலத் தோன்றினார்கள் என்று ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. அந்த உத்தியை ஆடுபவர்களே கண்டுபிடிக்கட்டும்.

இரண்டாவது, பாதை. துரத்தல் காட்சி. தோப்பு, வரப்பு, வாய்க்கால் என்று நிலம் மாறிக்கொண்டே இருக்கட்டும். நடுவில் ஒரு குதிரைக்கு அடி படட்டும்.

மூன்றாவது, தேர்வு. இருப்பது ஒரு மணி நேரப் பாய்ச்சல். காயம்பட்ட குதிரையை விரட்டினால் சேதி நேரத்துக்குப் போய்விடும், குதிரை பிழைக்காது. இறங்கி நடந்தால் குதிரை பிழைக்கும், பின்னால் இருக்கும் கடலோர ஊர் தாக்கப்படலாம். எது சரி என்று கேம் மாஸ்டர் சொல்லக் கூடாது.

அந்த நிமிடம் டேபிள் அமைதியானால், ஆட்டம் ஜெயித்துவிட்டது. யாராவது மெதுவாக, "நான் இறங்கிக்கிறேன். அவ கொஞ்சம் தண்ணி குடிக்கட்டும்" என்று சொல்லக்கூடும். குதிரை 'அது'விலிருந்து 'அவ' ஆகியிருந்தால், அது பைக் இல்லை என்று அர்த்தம்.