பில் பிரிண்டருக்குள் இரண்டு மின்சாரம்

2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபின், கையால் சீட்டு எழுதிவந்த நம் அங்கத்தினர் பலரும் கம்ப்யூட்டர் பில்லுக்கு மாறினார்கள். இப்போது அம்பகரத்தூரில் பத்ரகாளியம்மன் கோயில் திருவிழா நாளிலோ, திருநள்ளாற்றுக்குச் சனிக்கிழமைக் கூட்டம் வரும்போதோ பிரிண்டர் நின்றுவிட்டால் கல்லாவே நின்ற மாதிரிதான். பழுது பார்க்க வருகிறவர் "போர்டு போச்சு" என்றால் தலையாட்டிவிடுகிறோம். போனது போர்டா, அடாப்டரா என்று கேட்கும் அளவுக்காவது விவரம் தெரிந்திருப்பது நல்லது. இரண்டுக்கும் விலை வித்தியாசம் கொஞ்சமல்ல.

சுவரிலிருந்து வருவது 230 வோல்ட் மாறுமின்சாரம். அடாப்டர் முதலில் அதை டையோடுகளால் நேர்மின்சாரமாக்கி ஒரு கெப்பாசிட்டரில் தேக்குகிறது. அலையின் உச்சி வரை தேங்குவதால் அங்கே சுமார் 325 வோல்ட் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அது அப்படியே இருக்கலாம். ஆகவே அடாப்டரை நாமே பிரித்துப் பார்ப்பது கூடாது. பிறகு ஒரு டிரான்சிஸ்டர் அதை நொடிக்குப் பல்லாயிரம் தடவை திறந்து மூடி, சிறிய டிரான்ஸ்பார்மர் வழியாகப் பெரும்பாலான பில் பிரிண்டர்களுக்கு 24 வோல்ட்டாக இறக்கிக் கொடுக்கிறது. இத்தனை வேகம் இருப்பதால்தான் செங்கல் கனம் இருந்த பழைய டிரான்ஸ்பார்மர் இன்று உள்ளங்கைக்குள் அடங்குகிறது.

இந்த 24 வோல்ட் மூட்டை தூக்குகிறவர். இதிலிருந்தே போர்டு 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று பிரித்து, மூளையான சிப்புக்குக் கொடுக்கிறது, அது கணக்கப்பிள்ளை. ஒருவர் இளைத்தால் மற்றவர் வேலையும் கெடும். நமக்கு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றை இதை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

58 மில்லிமீட்டர் தாள் போடும் தெர்மல் பிரிண்டரை எடுத்துக்கொள்வோம். இதில் மையும் இல்லை, ரிப்பனும் இல்லை. அச்சாகும் 48 மில்லிமீட்டர் அகலத்தில், மில்லிமீட்டருக்கு 8 வீதம் 384 நுண்ணிய சூடேற்றிகள் இருக்கின்றன. ஒரு வரிக்கு எந்தெந்தப் புள்ளி கறுக்க வேண்டும் என்பதைச் சிப் தலைக்கு வரிசையாக அனுப்பும். எல்லாம் போய்ச் சேர்ந்ததும் 'சுடு' என்று ஒரு சைகை. 24 வோல்ட் அந்தப் புள்ளிகளில் கணநேரம் பாயும்; தாளில் பூசிய மருந்து கறுக்கும்; மோட்டார் தாளை ஒரு புள்ளி நகர்த்தும். தலை அதிகம் சூடானால் அதிலுள்ள தெர்மிஸ்டர் சொல்லிவிடும், சிப் சுடும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளும்.

கடைப் பெயரைப் பட்டையாகக் கறுப்பில் அச்சிடும்போது நூற்றுக்கணக்கான புள்ளிகள் ஒரேசமயம் மின்சாரம் இழுக்கும். அடாப்டர் தளர்ந்திருந்தால் அந்த இடத்தில் 24 வோல்ட் சரிகிறது, கூடவே கணக்கப்பிள்ளையின் 5 வோல்ட்டும் சரிகிறது. பிரிண்டர் அணைந்து மறுபடி விழித்துக்கொள்கிறது. சிறிய எழுத்து சரியாக வந்து, பெயர்ப் பட்டையில் மட்டும் நின்றால் முதலில் அடாப்டரைச் சந்தேகியுங்கள். வேறொன்றை மாட்டிப் பார்க்கும்போது வோல்ட்டும், பிளஸ்-மைனஸ் குறியும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் கூடலாம், குறையக்கூடாது. மேலிருந்து கீழ்வரை ஒரே இடத்தில் வெள்ளைக்கோடு விழுந்தால் விஷயம் வேறு. அது தலையில் அழுக்கு அல்லது செத்த புள்ளி. மிளகாய்த்தூளும் மாவும் பறக்கும் கடையில் அழுக்காகவே இருக்கக்கூடும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் தலை ஆறிய பின் துடைத்தால் போதும்.

கார்பன் பிரதி வேண்டிய மொத்த வியாபாரிகள் இன்னும் டாட் மேட்ரிக்ஸை விடவில்லை. அதன் தலையில் பெரும்பாலும் 9 ஊசிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மின்காந்தச் சுருள், அதைத் திறந்து மூட போர்டில் ஒரு டிரான்சிஸ்டர். அந்த டிரான்சிஸ்டர் ஷார்ட்டானால் மின்சாரம் நிற்காமல் பாய்ந்து சுருள் கருகிவிடும். போர்டைச் சோதிக்காமல் புதுத் தலையை மாட்டினால் அதுவும் கருகும். தலை மாற்றச் சொன்னால், "டிரான்சிஸ்டரைப் பார்த்தீர்களா?" என்று அவசியம் கேளுங்கள்.

வெளியிலிருந்து வரும் ஆபத்து பெரும்பாலும் நியூட்ரல், எர்த் இரண்டிலும்தான். மும்முனை இணைப்பில் நியூட்ரல் கழன்றால் சில கடைகளுக்கு 230க்குப் பதில் 400 வோல்ட்டை ஒட்டி ஏறிவிடும். அப்போது அடாப்டரில் வாரிஸ்டர் என்ற சிறு வில்லை இருந்தால், அது தன்னையே ஷார்ட்டாக்கிக்கொண்டு பியூஸை எரியவைக்கும். போனது அந்த இரண்டு மட்டுமே என்றால் செலவு சொற்பம். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு நம் பகுதியில் ஜெனரேட்டர் வைத்துக் கடை நடத்தியவர்கள் உண்டு. ஜெனரேட்டரைக் கிளப்பும்போதும் நிறுத்தும்போதும் பிரிண்டர் பிளக்கைப் பிடுங்கி வைப்பது நல்லது.

எர்த் இல்லாத இணைப்பில் கம்ப்யூட்டரின் இரும்புக் கூட்டில் ஏறக்குறைய 115 வோல்ட் மிதக்கக்கூடும். தொட்டால் மெல்லச் சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் பிரிண்டர் கேபிளைச் செருகும் நொடியில் அது 3.3 வோல்ட் சிப்புக்குள் பாய வழியுண்டு. கேபிளைச் செருகவோ கழற்றவோ இரண்டையும் அணைத்துவிட்டே கைவையுங்கள். கல்லாப்பெட்டியைத் திறக்கும் துளை பல பிரிண்டர்களில் டெலிபோன் துளை போலவே இருக்கும். அதிலும் 24 வோல்ட் வருகிறது. டெலிபோன் ஒயரை அங்கே செருகிவிட வேண்டாம்.