பட்டாளத்தார் வீட்டு டிரங்குப் பெட்டி

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். அடிவாரத்து ஊர்களிலோ, உலகப் போருக்குப் போன தாத்தாக்களின் பெயர்கள் டிரங்குப் பெட்டிக்குள் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன.

போரில் விழுந்தவனை மறக்காத மண் இது. ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகற்களில் ஒன்று, கூடலூர் ஆகோள் பூசலில் மாண்ட தீயன் அந்தவனுக்கு எடுத்தது. எழுத்து தமிழ்பிராமி; வயது ஈராயிரம் ஆண்டுக்கு மேல். மாடு கவரும் சண்டையில் செத்தவனின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். அந்தக் கூடலூர், கம்பத்துக்கு அடுத்திருக்கும் கூடலூராகவே இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

முதல் உலகப் போர் முடிந்ததும் வெள்ளை அரசும் தமிழகத்துக் கிராமங்கள் பலவற்றில் கல்வெட்டுப் பதித்தது. இவ்வூரிலிருந்து போனவர் இத்தனை பேர், திரும்பாதவர் இத்தனை பேர். எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை.

இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையில் சேர்ந்தவர்கள் சுமார் 25 லட்சம். பர்மாவில் உடல்கூடக் கிடைக்காமல் போனவர்களுக்காக யாங்கோன் அருகே தௌக்யன் கல்லறைத் தோட்டத்தில் நினைவுத் தூண்கள் நிற்கின்றன. அவற்றில் ஏறக்குறைய 27,000 பெயர்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டை இன்று யாரும் இலவசமாகத் தேடலாம்.

தேடுகிற பேரனுக்கு அங்கேதான் சிக்கல். முத்துக்களும் ராமசாமிகளும் வரிசையாக வருவார்கள்; ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆளுக்கொரு மாதிரி இருக்கும். இன்னார் என்று உறுதிசொல்ல முக்கியமாக உதவுவது படை எண். அந்த எண் குடும்பப் பென்ஷன் தாளிலும் பழைய கடித உறையிலும் இருக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பழைய பேப்பர்காரரின் தராசுக்குப் போவதும் இவைதான்.

நேதாஜியின் படையில் இருந்தவர்கள் வீட்டில் இழப்பு இன்னும் பெரிது. மலேயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளம். பின்னாளில் தியாகி பென்ஷன் கேட்டபோது சிறைச் சான்றோ உடனிருந்தவரின் சான்றோ தேவைப்பட்டது. சான்று சொல்ல வேண்டியவர்களும் மறைந்துவிட்ட பிறகு, மிஞ்சுவது பெட்டியில் கிடக்கும் காகிதம் ஒன்றே.

வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவருக்கு நினைவு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. குடும்பம் தேடுவது தன் தாத்தாவை.

'பட்டாளத்தார் வீடு' என்ற அடையாளம் தெருவில் இன்னும் இருக்கிறது. உள்ளே சுவரில் சட்டமிட்ட படமும் இருக்கிறது. படத்தின் பின்புறம் படை எண், படைப்பிரிவு, தகப்பனார் பெயர், ஊர் என நான்கு விவரங்களை எழுதி வைக்கலாம். சொல்லத் தெரிந்த அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.