ஆலோசகரின் காதில் விழுவது எது?

2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், ஒரு தன்பாலின இணையர் வழக்கில் தீர்ப்பு எழுதும் முன், ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து பாடம் கேட்டார். தமக்கே புரிதல் போதாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். ஜூன் 7ஆம் நாள் வந்த ஆணை, பாலியல் ஈர்ப்பை மருத்துவத்தால் ‘மாற்றும்’ முயற்சிகளுக்குத் தடை போட்டது. மறு ஆண்டு இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையமும் அத்தகைய ‘சிகிச்சை’யைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது.

நல்லது. ஆனால், மாற்ற முயலாத ஆலோசகர் எல்லாரும் உதவத் தயாரானவர்கள் ஆகிவிடுவார்களா?

தயார்நிலையை அளக்கும் ஆய்வுகள் பெரும்பாலும் ஆலோசகரிடமே வினாத்தாளை நீட்டுகின்றன. ‘என்னால் முடியும்’ என்று அவரும் குறித்துக் கொடுக்கிறார். இரண்டு நாள் பட்டறைக்குப் பிறகு அந்த எண்கள் ஏறினால் அதில் வியக்க ஒன்றுமில்லை.

ஜோனதன் மோர் குழுவினர் 2009இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. 108 உளச்சிகிச்சையாளர்களிடம் ஒரு கற்பனை ஆணின் முதல் சந்திப்புக் குறிப்பைக் கொடுத்தார்கள். எல்லாருக்கும் ஒரே கதைதான். அவர் யாரிடம் ஈர்ப்பு கொள்பவர் என்ற தகவல் மட்டும் மூன்று விதம்: பெண்களிடம், ஆண்களிடம், இருவரிடமும். சிகிச்சையாளர்கள் இருபால் ஈர்ப்பு உள்ளவரை எல்லாவற்றிலும் மட்டமாக மதிப்பிடவில்லை. இருபால் ஈர்ப்பினரைப் பற்றி ஊரில் உலவும் தப்பெண்ணங்கள் எந்த இடங்களைத் தொடுகின்றனவோ, அந்த இடங்களில் மட்டும் அவருக்குப் பிரச்சினை இருப்பதாகக் கண்டார்கள். பொதுவான வெறுப்பாக இருந்தால் கண்டுபிடிப்பது எளிது. இந்தச் சாய்வோ நூல் பிடித்தாற்போல் வேலை செய்கிறது.

ரப்பர் தோட்டத்தில் பால் குறைந்தால் காரணம் பல: மழை, இலையுதிர் காலம், கத்தி ஆழமாக இறங்கியது. ஆனால் பட்டையில் ஒரு முண்டைப் பார்த்துவிட்ட கங்காணிக்கு எல்லாமே முண்டால் வந்த வினைதான். மழை பெய்தாலும் முண்டு, வாளி ஓட்டையானாலும் முண்டு, அவருடைய சைக்கிள் பஞ்சரானாலும் முண்டு. தூக்கம் வரவில்லை, வேலை போய்விட்டது என்று வருபவரிடம், ‘முதலில் யார் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்’ என்கிற ஆலோசகர் இந்தக் கங்காணியின் தம்பி.

அறிவியலும் இதில் சுத்தமில்லை. 2005இல் சுமார் 100 ஆண்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று, ஆண்களிடம் இருபால் கிளர்ச்சி உண்டா என்றே ஐயம் கிளப்பியது. நியூயார்க் டைம்ஸ் இருபால் ஈர்ப்புள்ள ஆண்களைப் பொய்யர்களா என்று கேட்கும் தொனியில் தலைப்பே போட்டது. அந்த ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான மைக்கேல் பெய்லியும் சேர்ந்து, பல ஆய்வுகளின் தரவுகளை ஒன்றாக்கி 2020இல் எழுதிய கட்டுரை, ஆண்களிடம் இருபால் ஈர்ப்பு உண்டு என்பதற்கு வலுவான சான்று இருப்பதாக ஒப்புக்கொண்டது. இரண்டுக்கும் நடுவே 15 ஆண்டுகள்.

சென்னை ஆணை கடல் தாண்டாது. மலேசியாவின் மலாக்கா மாநிலத்தில், அலோர் காஜா மாவட்டத்தின் லூபோக் சீனா என்ற ஊரில் இருக்கும் தமிழருக்கு வேறு கணக்கு. மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகள் குறிப்பிட்ட உடலுறவுச் செயல்களுக்கு 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கின்றன. அவை தண்டிப்பது செயலை, ஈர்ப்பை அல்ல. இருந்தாலும் அந்த நிழல் ஆலோசனை அறை வரை நீள்கிறது. தமிழில் பேசக்கூடிய, எல்லாருக்கும் உறவுக்காரராக இல்லாத ஆலோசகர் சிற்றூரில் கிடைப்பதும் கடினம்.

1998ஆம் ஆண்டுச் சட்டப்படி மலேசியாவில் ஆலோசகர்கள் பதிவு செய்துகொண்டிருக்க வேண்டும். முதல் சந்திப்பிலேயே பதிவு உண்டா என்று கேளுங்கள். பிறகு, உங்கள் தூக்கத்தைப் பற்றிச் சொல்லும்போது அவர் தூக்கத்தைப் பற்றித்தான் கேட்கிறாரா என்று கவனியுங்கள். இல்லையென்றால் வேறு ஆலோசகரைத் தேடுவதில் தவறே இல்லை. உடனடி உதவிக்குச் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண்: 15555.