சொல் உடையும் இடம்: அச்சுக்கு அனுப்பும் முன் கவனிக்க வேண்டியவை

ஆலயத் திருவிழா அழைப்பிதழ் அச்சாகி வந்த பிறகுதான் சில பிழைகள் கண்ணில் படுகின்றன. ‘கும்பாபிஷேக’ என்று ஒரு வரி முடிய, அடுத்த வரி ‘ம்’ என்று தொடங்குகிறது. வேறோர் இடத்தில், வரியின் நடுவிலேயே ‘நன்கொடை-யாளர்கள்’ என்று தேவையற்ற கோடு நிற்கிறது. அதற்குமேல் திருத்த வழியில்லை.

தமிழில் ஒட்டுகள் சேரச் சேரச் சொற்கள் நீளும். குறுகிய பத்தியில் இரு ஓரங்களையும் நேராக்கினால், நீண்ட சொல் அடுத்த வரிக்குப் போய்விடும். முந்தைய வரியில் பெரிய இடைவெளிகள் விழும். அதைத் தவிர்க்கவே சொல்லை உடைக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் உடைத்த இடத்தில் இடைக்கோடு வரும். தமிழ் அச்சில் கோடு இடாமலே உடைப்பது நெடுநாள் வழக்கம். ஆனால், புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கக் கூடாது. ஓர் எழுத்து மட்டும் தனித்து நிற்பதும் அழகல்ல. ‘நன்கொடை / யாளர்கள்’ எனப் பொருள் தெரியும் இடத்தில் பிரிப்பதே நல்லது.

பலர் கோட்டை இட்டு, ‘எண்டர்’ தட்டி வரியை உடைக்கிறார்கள். தவறு இங்கேதான் தொடங்குகிறது. பிறகு எழுத்தின் அளவை மாற்றினாலோ கைப்பேசித் திரையில் பார்த்தாலோ வரிகள் இடம் மாறும். கோடு மட்டும் அங்கேயே தங்கிவிடும்.

இதற்கு மாற்று ‘மென்கோடு’. விண்டோஸ் கணினியில் மைக்ரோசாப்ட் வேர்ட் பயன்படுத்துவோர், ‘கண்ட்ரோல்’ விசையுடன் இடைக்கோட்டு விசையை அழுத்தினால் போதும். சொல் வரியின் இறுதியில் உடைந்தால் மட்டுமே இந்தக் கோடு தெரியும்; இல்லையேல் மறைந்திருக்கும். கோடே வேண்டாம் என்போருக்கு, ‘அகலமற்ற இடைவெளி’ என்ற யூனிகோட் குறி உண்டு. அது உடையும் இடத்தை மட்டும் காட்டும்.

பிரியக் கூடாதவையும் உண்டு. ‘மு.’ என்ற தலைப்பெழுத்து ஒரு வரியிலும் பெயர் அடுத்த வரியிலும் விழலாம். ‘50’ இங்கேயும் ‘வெள்ளி’ அங்கேயும் நிற்கலாம். இடையில் ‘கண்ட்ரோல்’, ‘ஷிப்ட்’ விசைகளுடன் ‘ஸ்பேஸ்’ தட்டினால் இரண்டும் சேர்ந்தே நகரும்.

இவ்வளவுக்கும் நேரமில்லை என்றால், தானாகச் சொல் பிரிக்கும் வசதியை நிறுத்திவிட்டு, பத்தியின் இடது ஓரத்தை மட்டும் நேராக்கலாம். வலது ஓரம் ஏறி இறங்கினாலும் சொல் சிதையாது.

எப்படிச் செய்தாலும், எழுத்தின் அளவும் தாளின் அளவும் முடிவான பிறகு, ஒவ்வொரு வரியின் முதலையும் முடிவையும் ஒருமுறை படித்துப் பார்ப்பது அவசியம். இரங்கல் அறிவிப்பில் மறைந்தவரின் பெயர் இரண்டாக உடைந்து கிடந்தால், வீட்டாரின் மனமும் நோகும்.