ஆண்களுக்கு மறைவிடத்தில் அரிப்பா? கூச்சம் வேண்டாம், கவனம் தேவை

தொடை இடுக்கு, விதைப்பை, ஆண்குறி ஆகிய இடங்களில் அரிப்பு ஏற்படுவது வயதான ஆண்களிடையே சாதாரணமாகக் காணப்படும் ஒன்று. ஆனால் பலர் இதை மனைவியிடம்கூடச் சொல்வதில்லை. கையில் கிடைக்கும் தைலத்தையோ களிம்பையோ தடவிக்கொண்டு மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறார்கள்.

பெரும்பாலும் இது எளிதில் குணமாகும் தோல் பிரச்சினைதான். சில நேரங்களில் மட்டும் நீரிழிவு நோய் இருப்பதற்கான அடையாளமாக இருக்கலாம். அரிதாகப் புற்றுநோயாகவும் இருக்கலாம். ஆகவே, காரணத்தைத் தெரிந்துகொள்வது முக்கியம்.

அரிப்புக்கான பொதுவான காரணங்கள்

படர்தாமரை: இது ஒரு பூஞ்சைத் தொற்று. நம் நாட்டு வெப்பத்திலும் வியர்வையிலும் எளிதில் வளரும். தொடை இடுக்கில் சிவந்த அல்லது கருத்த திட்டு தோன்றி வெளிப்புறமாகப் பரவும். அதன் ஓரம் சற்றுத் தடித்து, செதில் செதிலாக இருக்கும். விதைப்பையைப் பொதுவாகப் பாதிக்காது. கால் விரல் இடுக்கில் உள்ள சேற்றுப்புண்ணிலிருந்தும் இது பரவக்கூடும்.

ஈஸ்ட் தொற்று: ஆண்குறியின் நுனியும் முன்தோலும் சிவந்து, அரிக்கும், எரியும். வெள்ளையாகப் படிவதும் உண்டு. நீரிழிவு உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும்.

ஒவ்வாமை, எரிச்சல்: சோப்பு, கிருமிநாசினித் திரவம், வாசனைப் பவுடர், ஈரத்துடைப்பான், துணி துவைக்கும் தூள் ஆகியவை மென்மையான தோலைப் புண்ணாக்கலாம்.

சிறுநீர்க் கசிவு: ஈரமான உள்ளாடையோ டயாப்பரோ நெடுநேரம் தோலில் பட்டுக்கொண்டிருந்தால் தோல் வெந்துபோய் அரிக்கும்.

சிரங்கு: கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சியால் வருவது. இரவில் அரிப்பு அதிகமாகும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு ஆகிய இடங்களும் அரிக்கும். ஆண்குறியிலும் விதைப்பையிலும் சிறு கட்டிகள் தோன்றலாம். வீட்டில் மற்றவர்களுக்கும் அரிப்பு இருந்தால் சிரங்காக இருக்கக்கூடும்.

சொரியாசிஸ் போன்ற தோல் நோய்களும் பால்வினை நோய்களும்கூட அரிப்பை உண்டாக்கலாம்.

நீரிழிவும் அரிப்பும்

இரத்தத்தில் சர்க்கரை அதிகமானால் சிறுநீரிலும் சர்க்கரை கலக்கும். அது பூஞ்சைக்கு உணவாகிறது. முன்தோலில் அடிக்கடி தொற்று ஏற்பட்டால், அல்லது தோல் வெடித்தால், இரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

எம்பாகிளிஃப்ளோசின், டபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகின்றன. நீரிழிவுக்கும், சிலருக்கு இருதய, சிறுநீரகப் பாதுகாப்புக்கும் இவை கொடுக்கப்படுகின்றன. இவற்றைச் சாப்பிடுவோருக்கு ஈஸ்ட் தொற்று வரும் வாய்ப்பு கூடுதல். அதற்காக மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் சொல்லுங்கள்; தொற்றுக்குத் தனியாகச் சிகிச்சை உண்டு.

சிகிச்சை

படர்தாமரைக்கும் ஈஸ்ட் தொற்றுக்கும் குளோட்ரிமசோல் போன்ற பூஞ்சை எதிர்ப்புக் களிம்பு நல்ல பலன் தரும். எது பொருத்தமானது என்று மருந்தாளரிடம் கேளுங்கள். படர்தாமரைத் திட்டின் மேல் மட்டுமன்றி, அதைச் சுற்றிச் சுமார் 2 சென்டிமீட்டர் வரையிலும் தடவுங்கள். அரிப்பு நின்றவுடன் விட்டுவிடாமல், சொன்ன நாள்வரை தடவுங்கள். இல்லையென்றால் மீண்டும் வரும். காலில் சேற்றுப்புண் இருந்தால் அதற்கும் சேர்த்துச் சிகிச்சை செய்யுங்கள்.

சிரங்குக்கு மருத்துவர் தரும் மருந்தை வீட்டில் உள்ள அனைவரும் ஒரே நேரத்தில் தடவ வேண்டும். சிகிச்சைக்குப் பிறகும் சில வாரங்கள் அரிப்பு நீடிக்கலாம்.

ஸ்டீராய்டு களிம்பில் கவனம்: ஊரிலிருந்து வாங்கிவந்த, அல்லது நண்பர் கொடுத்த சில களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். தடவியதும் அரிப்பு அடங்கும். ஆனால் பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தின் தோல் மெலிதானது என்பதால் மேலும் மெலிந்து, வரிகளும் விழலாம். மருத்துவர் சொல்லாமல் இவற்றைப் பயன்படுத்தாதீர்கள்.

தைலம், எலுமிச்சைச் சாறு, கொதிக்கும் வெந்நீர் ஆகியவையும் வேண்டாம். அவை தோலைப் புண்ணாக்கும்.

அன்றாடப் பராமரிப்பு

• தினமும் வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள். வாசனை சோப்பைத் தவிருங்கள்.
• முன்தோலை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளிக் கழுவி, துடைத்து, மறவாமல் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். தள்ள முடியாவிட்டால் வற்புறுத்தாதீர்கள்.
• தேய்க்காமல், ஒற்றித் துடைத்து ஈரமில்லாமல் வைத்திருங்கள். காலுக்குத் தனித் துண்டு வையுங்கள்.
• தளர்வான பருத்தி உள்ளாடை அணியுங்கள். வீட்டில் கைலி உடுத்துவது நல்லது.
• காலில் சேற்றுப்புண் இருந்தால், முதலில் காலுறை, பிறகு உள்ளாடை.
• நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.
• டயாப்பர் நனைந்ததும் மாற்றி, தோலுக்குப் பாதுகாப்புக் களிம்பு தடவுங்கள்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

• இரண்டு வாரம் களிம்பு தடவியும் குறையாவிட்டால்
• புண், கட்டி, சீழ், இரத்தக் கசிவு இருந்தால்
• வெண்மையான, தடித்த திட்டு தோன்றினால், அல்லது முன்தோல் இறுகினால்
• சிவந்த திட்டு ஒன்று மாதக்கணக்கில் ஆறாமல் மெல்லப் பெரிதானால். கரப்பான் போலத் தோன்றினாலும் இது ஒருவகைத் தோல் புற்றுநோயாக இருக்கலாம். சிறிது தோலை எடுத்துப் பரிசோதித்தால் தெரிந்துவிடும்.

கடும் வலி, வேகமாகப் பரவும் வீக்கம், காய்ச்சல் இருந்தால், அல்லது பின்னுக்குத் தள்ளிய முன்தோல் திரும்பி வராவிட்டால், உடனே மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

மருத்துவரிடம் எப்படிச் சொல்வது?

பதிவு முகப்பில் விவரம் சொல்ல வேண்டியதில்லை. “தோல் அரிப்பு” என்றால் போதும். ஆண் மருத்துவர் வேண்டுமென்றால் கேட்டுப் பாருங்கள். எவ்வளவு நாளாக அரிக்கிறது, என்னென்ன தடவினீர்கள், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். பயன்படுத்திய களிம்பையும் கொண்டுசெல்லுங்கள்.

உங்கள் குடும்ப மருத்துவரையோ அருகிலுள்ள பலதுறை மருந்தகத்தையோ நாடலாம். மருத்துவர்கள் இதை அன்றாடம் பார்ப்பவர்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.