சிவகாமி மாறினாளா?

காஞ்சியில் வாழும் நமக்குக் கல்கியின் 'சிவகாமியின் சபதம்' நம் ஊர்க் கதை. 1944 முதல் 1946 வரை 'கல்கி' இதழில் தொடராக வெளிவந்த புதினம் இது. மகேந்திரவர்மர், அவர் மைந்தர் மாமல்லர், வாதாபி மன்னன் புலிகேசி, படைத்தலைவர் பரஞ்சோதி ஆகியோர் வரலாற்றில் வாழ்ந்தவர்கள். ஆயனச் சிற்பியின் மகள் சிவகாமியோ ஆசிரியரின் கற்பனையில் பிறந்தவள். ஆயினும் நூலை மூடிய பின்னும் நெஞ்சை விட்டு அகலாதவள் அவளே.

தொடக்கத்தில் கண்ட அந்தச் சிறு பெண் முடிவில் முற்றிலும் மாறிவிட்டாளா என்று எங்கள் வகுப்பில் ஒரு வினா எழுந்தது. தறி உள்ள வீட்டிலிருந்து வரும் தோழி ஒருத்தி சொன்னாள்: "பாவு மாறவே இல்லை. ஊடை நூலை மாற்றினால் சேலையின் நிறமே வேறாகத் தெரியுமே, அதைப் போலத்தான்." உடனே இன்னொருத்தி, "முந்தானைக்கு வேறு நிறப் பாவையே பிணைத்து நெய்கிறார்களே!" என்று மடக்கினாள். சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று.

காட்டு வீட்டில் மானோடும் கிளியோடும் வளர்ந்த சிவகாமி தொட்டாற்சுருங்கி. தாமரைக் குளக்கரையில் மாமல்லரோடு பேசும்போது ஒரு சொல் பிசகினாலும் முகம் திருப்பிக்கொள்வாள். ஆடல் அவளுக்கு உயிர். அதைக் காண மாமல்லர் இருக்க வேண்டும் என்பது அதனினும் பெரிய ஆசை.

வாதாபியில் அவள் சிறைப்பட்டிருக்கும் பகுதிதான் எங்களை நெடுநேரம் பேச வைத்தது. நாற்சந்தியில் தமிழ்நாட்டுக் கைதிகளைச் சாட்டையால் அடிக்கிறார்கள். அடி நிற்க வேண்டுமானால் சிவகாமி ஆட வேண்டும். பகைவர் தெருவில் ஆடுவதா என்று குமுறியவள், முன்பின் அறியாத அம்மக்களின் வேதனைக்காக ஆடுகிறாள். குளக்கரைச் சிறுமியிடம் நாம் காணாத பெருந்தன்மை இது. ஆனால் அடுத்து வருவது என்ன? வாதாபி எரிந்தாலன்றி அந்நகரை விட்டு வரேன் என்று சபதம் செய்கிறாள். மாறுவேடத்தில் மீட்க வந்த மாமல்லரையும் திருப்பி அனுப்பிவிடுகிறாள்! இது முதிர்ந்த பெண்ணின் மான உணர்ச்சி என்றனர் சிலர். பழைய பிடிவாதமே பெரிய உருவம் எடுத்து வந்திருக்கிறது என்பது எங்கள் கட்சி. அந்த ஒரு சொல்லுக்காக ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. எத்தனையோ உயிர்கள் மாண்டன. வாதாபி வீழ்ந்தது 642-ஆம் ஆண்டில் என்பது வரலாறு. வென்று வந்த பரஞ்சோதியே வாளை விடுத்துச் சிறுத்தொண்டராகிவிட்டார்.

காஞ்சி திரும்பிய சிவகாமி, மாமல்லருக்குப் பாண்டிய இளவரசியோடு மணமாகிவிட்டதை அறிகிறாள். பிறகு ஏகாம்பரநாதரையே தன் தலைவராக ஏற்கிறாள். (கைலாசநாதர் கோயிலைப் பார்க்க வரும் உறவினர், "சிவகாமி ஆடியது இங்கேதானா?" என்று கேட்பதுண்டு. அக்கோயிலை எழுப்பிய இராஜசிம்மன் மாமல்லரின் கொள்ளுப்பேரன்!) மனிதன் கிட்டாததால்தான் கடவுளிடம் போனாள், இது பெரிய மாற்றமா என்று ஒருத்தி கேட்டபோது எங்களால் சட்டென விடை கூற முடியவில்லை.

பின்னர்ப் புத்தகத்தைப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. முதற் பாகத்தில் திருநாவுக்கரசர் முன்னிலையில் சிவகாமி அவருடைய திருத்தாண்டகம் ஒன்றுக்கு அபிநயம் பிடிக்கிறாள். இறைவன் பெயரைக் கேட்டு, இறுதியில் தன்னையே மறக்கும் பெண்ணைப் பற்றிய பாடல் அது. அன்று ஆடி முடிக்கையில் மூர்ச்சித்து விழுகிறாள். அவள் நெஞ்சில் இருந்தவர் மாமல்லர். கடைசி அத்தியாயத்தில் ஏகாம்பரநாதர் சந்நிதியில் அதே பாடலுக்கு ஆடுகிறாள். இம்முறை விழவில்லை. மாமல்லர் அங்கே வந்து நிற்கிறார். அவள் அவரைக் கவனிக்கவே இல்லை.

பாவு கட்சித் தோழி இதைக் கேட்டதும், "பார்த்தீர்களா, அதே பாட்டுத்தானே!" என்றாள். முந்தானைக் கட்சி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.